முதல் ட்ரிப்பும் அம்மாவின் வயிறும்: ஒரு பேருந்து நடத்துநரின் குடல் எரிச்சல் நோய் பற்றிய நிகழ்வு ஆய்வு

மதுரை ஆரப்பாளையத்திலிருந்து உசிலம்பட்டி வழியாகத் தேனிக்குப் போகும் தனியார் பேருந்து ஒன்றில் நடத்துநராக வேலை பார்ப்பவர் இவர். வயது 33. அவருக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர் நான், அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆள் யாரென்று தெரிந்துவிடாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதி முடித்ததும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். "வயித்து வலின்னு மட்டும் போடாதீங்க மேடம், பயம்னும் போடுங்க" என்றார். அந்தத் திருத்தம் சரியானது. இந்த நிகழ்வில் பாதி அந்தப் பயத்தைப் பற்றியதுதான். மற்ற பாதி குடல் எரிச்சல் நோய் (IBS), அதாவது குடலில் புண்ணோ கட்டியோ இல்லாமலே வயிற்று வலியும் மலம் போவதில் மாற்றமும் நீடிக்கும் நோய்.

பின்னணி

ஊர் செக்கானூரணிக்குப் பக்கத்துக் கிராமம். வீட்டில் மனைவி, 8 வயது மகள், அம்மா. இரண்டு நாள் வண்டி, ஒரு நாள் ஓய்வு. வண்டியில் ஏறும் நாளில் அதிகாலை 3.15க்கு எழுந்தால்தான் 4.50க்குக் கிளம்பும் முதல் ட்ரிப்பைப் பிடிக்க முடியும். கடைசி ட்ரிப் முடிந்து வசூலை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வர இரவு 10.30 ஆகிவிடும். வரும் வழியில் கடையில் நான்கு பரோட்டா, சால்னா. பகல் முழுக்க ஒவ்வொரு முனையிலும் ஒரு பால் டீ. எண்ணிப் பார்த்ததில் ஏழு வந்தது.

தொந்தரவு எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் தேதியோடு சொல்கிறார். அந்த வருடம் மாசி மகா சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டு. பங்காளிகள் எல்லாரும் ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள். மறுநாளே பன்னிரண்டு பேருக்கு வயிற்றுப்போக்கு. இவருக்குக் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருந்தார், அடங்க ஒரு வாரம் ஆனது. மற்ற பதினோரு பேரும் எழுந்து வேலைக்குப் போய்விட்டார்கள். இவருக்கு மட்டும் வயிறு பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை.

அதே மாதத்தில்தான் தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடனின் வாரத் தவணையும் தொடங்கியது. இதை அவராகச் சொல்லவில்லை, பல மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

முதல் சந்திப்பு

ஆனி மாதத்தில் என்னிடம் வந்தார். காலையில் வயிற்றைப் பிசைகிற மாதிரி வலி வரும், வெளிக்குப் போனால் குறையும், அரை மணி நேரத்தில் மறுபடியும் வரும். வீட்டை விட்டுக் கிளம்புவதற்குள் நான்கு முறை. மலம் குழைவாக இருக்கும், சில நாள் தண்ணீராக. ரத்தம் இல்லை. இரவில் தூக்கம் கெட்டு எழுந்து போவதும் இல்லை.

வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், கோளாறாக எதுவும் தட்டுப்படவில்லை. "ஒண்ணும் இல்ல தம்பி, எல்லாம் டென்ஷன்தான். நேரத்துக்குச் சாப்பிடுங்க, நல்லா தூங்குங்க" என்று சொல்லி, வலிக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இப்போது யோசித்தால் அந்த நான்கு நிமிடத்தில் மூன்று தவறு செய்திருக்கிறேன். எடை பார்க்கவில்லை. குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று கேட்கவில்லை. "ஒண்ணும் இல்ல" என்று சொன்னேன். பயணிகள் நிறைந்த வண்டியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒருவரிடம் ஒன்றுமில்லை என்று சொன்னால், 'இவர் என்னை நம்பவில்லை' என்றுதான் அவருக்குப் படும். அவருக்கும் அப்படித்தான் பட்டிருக்கிறது. ஐந்து மாதம் அவர் வரவேயில்லை.

ஐந்து மாதம் கழித்து

ஐப்பசியில் ஒரு பெரிய பிளாஸ்டிக் கவரோடு திரும்பி வந்தார். அதற்குள் மூன்று மருத்துவர்களின் சீட்டு, இரண்டு முறை ஸ்கேன், ஒரு எண்டோஸ்கோபி, ஒரு கொலோனோஸ்கோபி. கிருமி மருந்து மட்டும் நான்கு தடவை சாப்பிட்டிருந்தார். இது போதாதென்று, உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பாட்டியிடம் இரண்டு முறை தொக்கம் (உள்ளே சிக்கியதை எடுப்பதாகச் சொல்லும் நாட்டு வைத்தியம்) எடுத்திருந்தார். மொத்தச் செலவு 23,000 ரூபாய். அதற்கும் வட்டிக்குத்தான் வாங்கியிருந்தார்.

எடை 57.5 கிலோ. மாசிக்கு முன்பு 61 இருந்ததாகச் சொன்னார். இந்த மூன்றரை கிலோ என்னை நிமிர வைத்தது. எடை குறைவது, மலத்தில் ரத்தம், காய்ச்சல், ரத்தசோகை, தூக்கத்தைக் கலைத்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தொந்தரவு ஆகியவை இருந்தால் குடல் எரிச்சல் நோய் என்று முத்திரை குத்திவிட்டு உட்காரக் கூடாது. நம் ஊரில் குடல் காசநோயையும் மனதில் வைத்தே ஆக வேண்டும்.

அவர் கொண்டுவந்த அறிக்கைகளை வரி வரியாகப் படித்தேன். கொலோனோஸ்கோபியில் சிறுகுடலின் கடைசிப் பகுதி வரைக்கும் போய்ப் பார்த்து, சதை எடுத்துச் சோதித்திருந்தார்கள். காசநோயோ அழற்சியோ இல்லை. விட்டுப்போனவற்றை மட்டும் நான் செய்தேன். ஹீமோகுளோபின் 13.8. அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, தைராய்டு, கோதுமைப் புரத ஒவ்வாமைக்கான பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தன. எடை எப்படிக் குறைந்தது என்பதற்கான பதில் அவர் சாப்பாட்டில் கிடைத்தது. வண்டி நாளில் மதியம் சாப்பிடுவதையே நிறுத்தியிருந்தார். வயிற்றில் எதுவும் இல்லாவிட்டால் தொந்தரவும் வராது என்பது அவர் கணக்கு.

இந்நோயைக் கண்டறியப் பயன்படும், 2016இல் வெளியான நான்காவது ரோம் வரையறையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கடந்த மூன்று மாதத்தில் சராசரியாக வாரம் ஒரு நாளாவது வயிற்று வலி இருக்க வேண்டும். மலம் கழிப்பதோடு வலிக்குத் தொடர்பு, போகும் எண்ணிக்கையில் மாற்றம், மலத்தின் தன்மையில் மாற்றம் என்ற மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். தொடங்கி ஆறு மாதம் கடந்திருக்க வேண்டும். எல்லாம் பொருந்தின. வயிற்றுப்போக்கு மேலோங்கிய குடல் எரிச்சல் நோய், தொற்றுக்குப் பின் வந்தது என்று குறித்தேன். தீவிரத்தை அளக்கும் 500 புள்ளி அளவுகோலில் அவருக்கு 320 வந்தது. 300க்கு மேல் போனால் கடுமை.

அந்தப் பயம் எது

அன்று அவரைக் கடைசி ஆளாக உட்காரவைத்தேன். "இது என்னவா இருக்கும்னு நீங்க நினைக்கிறீங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்:

"எங்க தாய்மாமா குடல் புத்துநோய்லதான் போனாரு மேடம். அவருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சிச்சு. அம்மாவுக்கும் காலம் பூரா வயித்துக் கோளாறு. பரம்பரைன்னு சொன்னாங்க. எனக்கும் அதுதான் வரப்போகுதுன்னு தெரியும்."

மூன்று மருத்துவர்களைப் பார்த்ததும், கடன் வாங்கிக் குழாய் விட்டுப் பார்த்ததும் எதற்காக என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அறிக்கையில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றபோதும் அவர் நம்பவில்லை. "இன்னும் தெரியலபோல" என்றே எடுத்துக்கொண்டார். ஒருவர் டென்ஷன் என்றார். அவர் காதில் அது 'நீ நடிக்கிறாய்' என்று விழுந்தது. இன்னொருவர் பரம்பரை என்றார். அது 'உன் கதை முடிந்தது' என்று விழுந்தது. இரண்டு சொல்லிலும் உண்மை இருக்கிறது, ஆனால் இரண்டையும் விளக்காமல் கையில் கொடுத்து அனுப்பியிருந்தோம்.

அன்று அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இந்தப் பேச்சுதான் சிகிச்சையின் பெரும்பகுதி என்று நான் நம்புகிறேன்.

முதலில் புற்றுநோய். மாமாவுக்கு வந்தது 58 வயதில். குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லை. குடல் எரிச்சல் நோய் புற்றுநோயாக மாறுவதில்லை, அவர் பெருங்குடலை முழுதாகப் பார்த்தும் ஆகிவிட்டது. இதை அறிக்கையின் படங்களைக் காட்டிச் சொன்னேன். பளபளவென்று இளஞ்சிவப்பாக இருந்த அந்தக் குடல் சுவரை அவர் வெகுநேரம் பார்த்தார். தன் குடலின் படத்தை அதுவரை யாரும் அவருக்குக் காட்டியதில்லை.

அடுத்து பரம்பரை. குடல் எரிச்சல் நோய் குடும்பத்துக்குள் வருவது உண்மை. ஒருவருக்கு இருந்தால் நெருங்கிய ரத்த உறவுக்கு வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. ஆனால் இது தலைவிதி இல்லை. 2001இல் வெளிவந்த அமெரிக்க இரட்டையர் ஆய்வு ஒன்றில், ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் மற்றவருக்கும் இருந்தது 17 சதவீதம் பேரிடம்தான். தனித்தனிக் கருவிலிருந்து வந்த சாதாரண இரட்டையரில் 8 சதவீதம். மரபணு முழுக்க ஒன்றாக இருந்தும் பெரும்பாலானவர்களுக்கு வரவில்லை. 2021இல் 53,400 நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்ததில் ஆறு இடங்கள் தொடர்புள்ளவையாகத் தெரிந்தன. அவற்றில் பல, பதற்றம், மனச்சோர்வு போன்றவற்றோடும் சம்பந்தப்பட்டவை. பதற்றம்தான் குடலைக் கெடுக்கிறது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மூளைக்கும் குடலுக்கும் பொதுவாக ஓடும் நரம்புப் பாதைகள் சிலருக்குப் பிறப்பிலேயே கூர்மையாக இருக்கின்றன, அந்தக் கூர்மை சிலருக்கு மனதில் தெரியும், சிலருக்கு வயிற்றில், சிலருக்கு இரண்டிலும்.

"லேசா தொட்டாலே ஸ்டாப் பெல் அடிக்கிற மாதிரியா மேடம்?" என்று கேட்டார். அதைவிட நன்றாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

"சென்னையில மரபணு டெஸ்ட் எடுக்கலாம்னு சித்தி மகன் சொல்றான்" என்றார். வேண்டாம் என்றேன். குடல் தசையிலும் இருக்கும் ஒரு சோடியம் வாயிலின் மரபணு, இந்நோய் உள்ளவர்களில் 2 சதவீதம் பேரிடம்தான் மாறியிருக்கிறது. மற்றவை எல்லாம் தனித்தனியாகத் துளி அளவு பங்குதான். அந்த டெஸ்டில் எது வந்தாலும் அவருக்கு நான் எழுதும் மருந்து மாறப்போவதில்லை. அந்தப் பணம் வட்டிக்குப் போகட்டும் என்றேன்.

அப்புறம், பன்னிரண்டு பேரில் தனக்கு மட்டும் ஏன் என்ற கேள்வி. கனடாவில் வாக்கர்டன் என்ற சிற்றூரில் 2000ஆம் ஆண்டு மே மாதம் குடிநீரில் கிருமி கலந்து 2,300 பேர் படுத்துவிட்டார்கள். ஏழு பேர் இறந்தார்கள். இரண்டு மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது, அன்று நோய்ப்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் குடல் எரிச்சல் நோய் இருந்தது. குடல் சுவரின் இறுக்கத்தையும் நோய் எதிர்ப்பையும் கவனிக்கும் சில மரபணுக்களில் மாறுதல் உள்ளவர்களிடம் அது கூடுதலாகத் தெரிந்தது. தொற்று கடுமையாக இருந்தவர்களுக்கும், அந்த நேரத்தில் மன நெருக்கடியில் இருந்தவர்களுக்கும் இப்படி நீடிக்கும் வாய்ப்பு அதிகம். பன்னிரண்டு பேரில் காய்ச்சலோடு படுத்தவர் இவர். அந்த மாதம் முதல் தவணை கட்டியவரும் இவர். அம்மாவின் வயிறும் இவருக்கு வந்திருந்தது. எட்டு வருடத்தில், அது வந்த வாக்கர்டன்காரர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தணிந்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அதைக் கேட்டபோதுதான் அன்று முதல்முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

சிட்டையின் பின்பக்கம்

மூன்று வாரத்துக்குக் குறிப்பு எழுதிவரச் சொன்னேன். புது நோட்டு வாங்கவில்லை. வசூல் எழுதும் சிட்டையின் பின்பக்கத்திலேயே எழுதினார். நேரம், வலி பத்துக்கு எத்தனை, மலத்தின் தன்மை ஒன்றிலிருந்து ஏழுக்குள் எந்த எண், என்ன சாப்பிட்டார், எந்த ட்ரிப். மலத்தை ஏழு வகையாகப் பிரித்துக் காட்டும் பிரிஸ்டல் படத்தைக் கொடுத்திருந்தேன். வாயால் சொல்லக் கூசுகிறவர்களுக்கு ஓர் எண் பெரிய உதவி.

21 நாள் குறிப்பு வந்தது. முதல் ட்ரிப்புக்குப் போன நாள் 11. அவற்றில் 10 நாள் அதிகாலைத் தொந்தரவு. வேறொருவருக்குப் பதிலாகக் காலை 9 மணி வண்டியில் ஏறிய நாள் மூன்று. அந்த மூன்று நாளும் ஒன்றுமில்லை. ஓய்வு நாள் ஏழில் இரண்டு முறை வந்திருந்தது. ஒன்று உறவுக்கார வீட்டு விசேஷத்தில் பிரியாணி சாப்பிட்ட நாள், மற்றொன்று கடன்காரர் வாசலில் வந்து நின்ற நாள்.

வேலைதான் காரணம் என்று இருவருமே நினைத்திருந்தோம். அந்தத் தாள்கள் வேறு மாதிரி சொல்லின. 9 மணி வண்டியில் அதே நெரிசல், அதே சில்லறைச் சண்டை. ஆனால் முந்தின இரவு ஆறரை மணி நேரம் தூங்கியிருந்தார். முதல் ட்ரிப் நாளில் நான்கு மணி நேரம். எழுந்தவுடன் பெருங்குடல் இயல்பாகவே வேகம் எடுக்கும். தூக்கம் குறைந்த உடம்பு, அதில் மன அழுத்தத்துக்கான சுரப்பு, வெறும் வயிற்றில் சூடான பால் டீ, முந்தின இரவின் பரோட்டா, 'இன்று வண்டியில் வந்துவிடுமோ' என்ற நினைப்பு என்று எல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்குள் வந்து விழுகின்றன.

சிட்டையின் ஓரத்தில் நான் கேட்காத ஒன்றும் இருந்தது. ஆரப்பாளையம் நிலையத்துக் கட்டணக் கழிப்பறை, நாகமலை புதுக்கோட்டையில் ஒரு பெட்ரோல் பங்க், கருமாத்தூரில் ஒன்று, உசிலம்பட்டி நிலையம், ஆண்டிபட்டியில் தெரிந்தவர் கடையின் பின்புறம். ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று குறித்திருந்தார். உசிலம்பட்டியைத் தாண்டிக் கணவாய் ஏறும் இடத்தில் மட்டும் ஒரு நீளக் கோடு. அந்தத் தூரத்தில் எதுவும் இல்லை. தினமும் அந்தக் கோட்டுக்குள்தான் வலி கூடுவதாக எழுதியிருந்தார்.

அம்மா

அடுத்த முறை அம்மாவையும் அழைத்து வந்தார். வயது 56. மகனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பேச ஆரம்பித்தார். "பொம்பளைட்ட தானே டாக்டரம்மா இதெல்லாம் சொல்ல முடியும்." மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறைதான் போவாராம், வயிறு உப்பி வலிக்குமாம். கல்யாணம் ஆன வருடத்திலிருந்து இப்படித்தான். கூட்டுக் குடும்பம், விடியும் முன் காட்டுக்குத்தான் போக வேண்டும், அடக்கி அடக்கியே பழகிவிட்டது என்றார்.

மகன் சின்ன வயதில் வயிறு வலிக்கிறது என்றால் உடனே குடலேற்றம் தட்டி, ரசம் சோறு ஊட்டி, பள்ளிக்கு அனுப்பாமல் மடியிலேயே வைத்துக்கொள்வாராம். "எனக்குத்தான் யாரும் பாக்கல, இவனையாவது பாக்கணும்ல." இதைக் கேட்டபோது மனசு கனத்தது. முன்னே சொன்ன இரட்டையர் ஆய்விலேயே இன்னொன்றும் தெரியவந்தது. சாதாரண இரட்டையரில் உடன்பிறந்தவருக்கு இந்நோய் இருப்பதைவிட, தாய்க்கு இருப்பதுதான் கூடுதலாகக் கணித்துச் சொன்னது. இருவருமே பாதி மரபணுவைப் பகிர்பவர்கள்தான். அப்படியானால் மரபணுவைத் தாண்டியும் ஏதோ தாயிடமிருந்து வருகிறது. வயிறு என்றால் பயப்பட வேண்டியது என்று பார்த்துப் பார்த்துப் பழகுவதும் அதில் ஒன்று. இதை ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது? நான் சொல்லவில்லை. பாசத்தில் செய்ததைக் குற்றமாக்குவதால் யாருக்கும் வயிறு ஆறாது.

ஆனால் அவருடைய ஹீமோகுளோபின் 9.2 இருந்தது. குடும்பத்தில் இந்நோய் இருக்கிறது, இவருக்கும் அதுதான் என்று எழுதிவிடும் ஆசை அந்த நிமிடம் எனக்கே வந்தது. 56 வயதில் ரத்தசோகையும் மலச்சிக்கலும், அண்ணனுக்குக் குடல் புற்றுநோய் என்றால், பார்க்காமல் விடக் கூடாது. மதுரைக்கு அனுப்பிக் கொலோனோஸ்கோபி செய்தோம். மூலம் இருந்தது, அதிலிருந்துதான் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. வேறெதுவும் இல்லை. முப்பது வருடமாக அதையும் யாரிடமும் சொன்னதில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

வண்டி நேரத்தைத்தான் முதலில் கையில் எடுத்தேன். முதலாளியிடம் கொடுக்க ஒரு கடிதம் எழுதினேன். அதில் நோயின் பெயரைப் போடவில்லை, மூன்று மாதம் பிந்திய ட்ரிப் தேவை என்று மட்டும் எழுதினேன். அவர் ஒப்புக்கொண்டார். இதைக் கேட்கலாம் என்றே நடத்துநருக்குத் தோன்றியிருக்கவில்லை.

உணவில் கடுமையான பட்டியல் எதுவும் கொடுக்கவில்லை. குடலில் நொதித்து வாயுவையும் நீரையும் சேர்க்கும் சர்க்கரை வகைகளைக் குறைக்கும் முறை ஒன்றை மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் வகுத்திருக்கிறார்கள், பலருக்குப் பலன் தருகிறது. அதை அப்படியே கடைப்பிடித்தால் சின்ன வெங்காயம், பூண்டு, துவரம்பருப்பு, கோதுமை, பால் எல்லாம் போய்விடும். நம் சமையலில் பிறகு என்ன மிஞ்சும்? இவர் ஏற்கெனவே மெலிந்தவர். தனிச் சமையல் என்று ஆரம்பித்தால் வீடே மறுபடியும் அவர் வயிற்றைச் சுற்றி வரும். அதனால் மூன்றை மட்டும் தொட்டோம். இரவு பரோட்டாவுக்குப் பதில் வீட்டில் சோறும் மோரும் அல்லது இட்லி. பால் டீ இரண்டு. மதியச் சாப்பாட்டை விடவே கூடாது. கூடவே இரவு ஒரு ஸ்பூன் இசப்கோல் என்ற நார்ச்சத்துத் தூள்.

மருந்தில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம், இரவில் மட்டும். குடலிலிருந்து மேலே போகும் வலிச் செய்தியை இது மட்டுப்படுத்தும், குடலின் ஓட்டத்தையும் சற்று நிதானமாக்கும். பிரிட்டனில் 463 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், குடும்ப மருத்துவர் அளவிலேயே 10 முதல் 30 மில்லிகிராம் கொடுத்துப் பலன் கண்டிருக்கிறார்கள். ஓய்வு நாளின் முந்தின இரவில் ஆரம்பிக்கச் சொன்னேன். படிக்கட்டில் நின்று வேலை பார்ப்பவருக்குக் காலை மயக்கம் ஆபத்து. வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபரமைடைத் தினமும் போட வேண்டாம், அவசரத்துக்குச் சட்டைப் பையில் இருக்கட்டும் என்றேன்.

அந்தக் கழிப்பறைப் பட்டியலுக்கு மதுரையில் ஒரு உளவியல் ஆலோசகரின் உதவியை நாடினேன். "உங்க மனசுல கோளாறு இல்ல, பயத்தைக் குறைச்சா பெல் சத்தமும் குறையும்" என்று சொல்லித்தான் அனுப்பினேன். ஐந்து முறை போய்வந்தார். உணர்வு இல்லாமலே 'எதற்கும் ஒருமுறை போய்விட்டு வருவோம்' என்று போவதை ஒவ்வொன்றாகக் குறைப்பது, மூச்சை மெதுவாக விட்டு வயிற்றைத் தளர்த்துவது என்ற இரண்டும் முக்கியப் பயிற்சி. கூடவே ஓட்டுநரிடம் விஷயத்தைச் சொல்லச் சொன்னார் அந்த ஆலோசகர். எட்டு வருடமாகச் சேர்ந்து ஓடுகிறவர்கள், ஆனாலும் சொல்ல இரண்டு வாரம் ஆனது. "இதுக்கா இவ்வளவு நாளு முழுங்கிக்கிட்டு இருந்த? ரெண்டு விசில் அடி, எங்க வேணா ஓரங்கட்டுறேன்" என்றாராம் ஓட்டுநர் அண்ணன். அடுத்த மூன்று மாதத்தில் அந்த இரட்டை விசில் இரண்டே முறைதான் தேவைப்பட்டது.

தொடர்ந்து நடந்தது

நான்காவது நாளே மாத்திரையை நிறுத்திவிட்டார். மருந்துக் கடையில் யாரோ, இது மனச்சோர்வு மாத்திரை ஆயிற்றே என்று சொல்லியிருக்கிறார்கள். மனைவியும் பயந்துவிட்டார். போனில் கூப்பிட்டுப் பேசினேன். மனச்சோர்வுக்கு 75க்கு மேல் கொடுப்போம், இது 10, வேலையும் வேறு என்று விளக்கியபின் மறுபடியும் தொடங்கினார். இதை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டியது நான்.

ஆறாவது வாரத்தில் காலையில் நான்கு முறை என்பது இரண்டானது. பன்னிரண்டாவது வாரத்தில் புள்ளி 320லிருந்து 210க்கு வந்தது. இந்த அளவுகோலில் 50 புள்ளி குறைந்தாலே முன்னேற்றம்தான். எடை 59.5. மாத்திரையால் வாய் உலர்ந்தது, பொறுத்துக்கொண்டார்.

ஐந்தாவது மாதம் மறுபடி ஏறியது. வேறொரு நடத்துநர் நின்றுவிட்டதால் முதல் ட்ரிப் மீண்டும் இவர் தலையில். அதே வாரம் தங்கை பிரசவத்துக்கு வந்திருந்தார். பத்து நாள் பழைய கதை. ஆனால் இந்த முறை புது ஸ்கேனுக்கு ஓடவில்லை. சிட்டையைத் திருப்பிப் பார்த்து, "தூக்கம் நாலு மணி நேரம் ஆயிருச்சு மேடம், அதான்" என்று அவரே சொன்னார். மாத்திரையை 20 ஆக்கினேன். வீட்டில் சீக்கிரம் விளக்கணைக்க ஏற்பாடு செய்துகொண்டார். மூன்று வாரத்தில் அடங்கியது. எட்டாவது மாதம் 140 புள்ளி, எடை 61. முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. மாதத்தில் மூன்று நான்கு நாள் வருகிறது. கடனில் இன்னும் பதினெட்டு மாதம் பாக்கி.

அம்மாவுக்கு இரும்புச்சத்தும் மூலத்துக்கான சிகிச்சையும் கொடுத்தோம். வீட்டிலேயே கழிப்பறை இருந்தும் அவசரமாக ஓடிவரும் பழக்கத்தை மாற்றி, காலைச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் நிதானமாக உட்காரச் சொன்னேன். ஹீமோகுளோபின் 11.4 ஆகியிருக்கிறது.

இன்று செய்வதானால்

ஆனி மாதத்து முதல் சந்திப்பிலேயே எடை பார்த்து, குடும்பத்தைக் கேட்டு, அடிப்படை ரத்தப் பரிசோதனையும் செய்திருப்பேன். கொலோனோஸ்கோபி அப்படியும் தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் இரண்டு ஸ்கேனும் நான்கு முறை கிருமி மருந்தும் தேவைப்பட்டிருக்காது. கிருமி மருந்து திரும்பத் திரும்பப் போவதே குடலின் நல்ல நுண்ணுயிர்களைக் குலைத்துத் தொந்தரவை நீட்டிக்கக் கூடியது. அந்த ஐந்து மாதத்துக்கு என் நான்கு நிமிடமும் ஒரு காரணம்.

'டென்ஷன்' என்ற சொல்லைத் தனியாகச் சொல்வதை விட்டுவிட்டேன். தூக்கம், கடன், வண்டி நேரம் என்று பெயர் சொல்லிக் கேட்கிறேன். அப்போது அவர்களே சொல்லிவிடுகிறார்கள். 'பரம்பரை' என்று சொன்னால், எது வருகிறது, எது வராது என்பதையும் அதே மூச்சில் சொல்கிறேன். மன அழுத்தத்துக்கான உதவியைக் கடைசியில் அல்ல, முதல் மாதத்திலேயே சேர்க்கிறேன். இவருக்கு அதைத் தள்ளிப்போட்டதற்குக் காரணம், கோபித்துக்கொள்வாரோ என்ற என் தயக்கம்தான். ஐந்து முறையும் தவறாமல் போனார்.

கடைசியாக வந்தபோது மகளைக் கூட்டி வந்திருந்தார். பள்ளி நாள் காலையில் மட்டும் வயிறு வலிக்கிறதாம். "இவளுக்கும் வந்துருச்சா மேடம்?" என்று கேட்டபோது அவர் குரல் மாறிவிட்டது. உயரம், எடை, வயிறு எல்லாம் பார்த்தேன். வயதுக்கேற்ற வளர்ச்சி. பூச்சி மருந்து கொடுத்தேன். காலையில் "வயிறு வலிக்குதா" என்று கேட்பதை வீட்டில் எல்லாரும் நிறுத்துங்கள், வலிக்கிறது என்று அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், காய்ச்சலோ வாந்தியோ ரத்தமோ இல்லை என்றால் பள்ளிக்கு அனுப்புங்கள், பள்ளியில் கழிப்பறை எப்படி இருக்கிறது என்று மட்டும் அவளிடம் விசாரியுங்கள் என்றேன்.

ஒரு வாரம் கழித்துப் போன் செய்தார். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையாம். தலைமையாசிரியரைப் பார்த்துப் பேசிவிட்டு, அவரே ஒரு தாழ்ப்பாள் வாங்கிக்கொண்டு போய் மாட்டிவிட்டு வந்திருக்கிறார்.